தெமெலின் என்றொரு ஆள்: வுல்லோவிட்ஸ் எல்லை மறியல், 2000

ஆஸ்திரியாவின் வடக்கு ஓரத்தில் வுல்லோவிட்ஸ் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. லின்ஸிலிருந்து ஃப்ரைஷ்டாட் வழியாக வடக்கே போகும் ஈ55 சாலை அங்கே எல்லையைத் தாண்டி, செக் நாட்டின் டோல்னி துவோரிஷ்டேவுக்குள் நுழைகிறது. இப்போது அங்கே யாரும் வண்டியை நிறுத்த வேண்டியதில்லை. வேகத்தைக் குறைத்தால் பின்னால் வருகிறவர்தான் எரிச்சலடைவார்.

என் நண்பர் ஒருவர் மட்டும் அந்த இடம் வந்ததும் ஒவ்வொரு முறையும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். லின்ஸில் என்னோடு வேலை பார்ப்பவர். ஃப்ரைஷ்டாட் பக்கத்து விவசாயக் குடும்பம். 2000ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், எட்டு வயதுப் பையனாக, அப்பாவின் டிராக்டரில் மட்கார்டு மேல் இருந்த சின்ன இருக்கையில் உட்கார்ந்து அவர் இந்த எல்லைக்கு வந்திருக்கிறார். வந்தது வேடிக்கை பார்க்க அல்ல, எல்லைக்கு அப்பால் ஓடத் தயாரான செக் அணு உலை ஒன்றை எதிர்த்துச் சாலையை மறிக்க.

அவருக்கு நினைவிருப்பதையும், அந்த மறியலைப் பற்றிப் பதிவாகியிருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். இரண்டும் பல இடங்களில் ஒட்டவில்லை. ஒட்டாத இடங்களில்தான் எனக்குச் சுவாரஸ்யம்.

பையன் பார்த்தது

முதலில் அவர் சொன்னது இதுதான்: தெமெலின் என்பது ஒரு ஆள் என்று நினைத்திருந்தாராம். வீட்டில் எல்லோரும் "தெமெலின் வரக் கூடாது", "தெமெலினை நிறுத்தியாக வேண்டும்" என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லையைத் தாண்டி யாரோ ஒருவன் வரப்போகிறான், அவனைத் தடுக்கத்தான் அப்பா டிராக்டரை எடுக்கிறார் என்று பையன் முடிவுகட்டிவிட்டான். எட்டு வயதுக்கு அது நியாயமான முடிவு. டிராக்டரால் ஆளைத் தடுக்கலாம். அணு உலையை எப்படித் தடுப்பது?

அப்புறம் சாலை. தார்ச்சாலையின் நடுவில் நின்று விளையாடலாம் என்பது அவருக்கு அன்றைக்குக் கிடைத்த பெரிய சலுகை. டிராக்டர்கள் குறுக்கே நின்றன, வைக்கோல் கட்டுகள் கிடந்தன, பாட்டி ஃபிளாஸ்கில் டீயும் பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டியும் கொண்டுவந்திருந்தார். பெரியவர்கள் கூட்டமாக நின்று பேசினார்கள், பாதி உலையைப் பற்றி, பாதி மக்காச்சோளத்தைப் பற்றி. பையனுக்குச் சிறுநீர் முட்டியபோது, ஒரு சுங்க அதிகாரிதான் தங்கள் கட்டடத்துக் கழிப்பறைக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். மறிக்க வந்த வீட்டுப் பிள்ளையை மறிக்கப்பட்ட சாவடிக்காரர் கூட்டிப்போகிறார். இதில் முரண் இருப்பதாக இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

மறியலுக்கு அந்தப் பக்கம் லாரிகள் வரிசையாக நின்றன. முதல் லாரியின் ஓட்டுநர் கீழே இறங்கி, பக்கக் கண்ணாடியைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் புட்டியிலிருந்து உள்ளங்கையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றி முகச்சவரம் செய்தார். ஒரு கன்னம் முடிந்ததும் பிளேடை உதறி, டயரில் தட்டி, அடுத்த கன்னத்துக்குப் போனார். பையன் வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து முழுவதையும் பார்த்தான். அந்த மனிதர் ஒருமுறைகூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. இருபத்தைந்து வருடம் கழித்தும் நண்பருக்கு அந்த மறியலின் முகம் என்றால் அந்தச் சோப்பு நுரை முகம்தான்.

இன்னொன்றையும் சத்தியம் செய்கிறார். எல்லையில் நின்றபடியே உலையின் குளிர்விப்புக் கோபுரங்களைப் பார்த்தாராம். இதற்குக் கடைசியில் வருகிறேன்.

பெரியவர்களுக்குத் தெரிந்தது

தெமெலின் எல்லையிலிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர் தள்ளி, தெற்கு போஹீமியாவில் இருக்கும் கிராமம். அங்கே அணுமின் நிலையம் கட்டத் தொடங்கியது 1987இல், செக்கோஸ்லோவாக்கியா இன்னும் சோவியத் முகாமில் இருந்தபோது. திட்டம் நான்கு உலைகள், எல்லாமே சோவியத் வடிவமைப்பில் வி.வி.இ.ஆர்-1000 வகை. ஆட்சி மாறியதும் மூன்றாவது, நான்காவது உலைகள் கைவிடப்பட்டன. மீதி இரண்டையும் முடிப்பது என்று 1993இல் செக் அரசு முடிவெடுத்தது. கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கும் எரிபொருளுக்கும் அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் ஒப்பந்தம் பெற்றது. சோவியத் உடம்பு, அமெரிக்க மூளை. மேற்கத்தியப் பாதுகாப்புத் தரத்துக்கு உயர்த்துவதாகச் செக் அரசு சொன்னது. வேறு வேறு மரபில் வந்த இரண்டை ஒட்டுப்போடுவதே ஆபத்து என்று எதிர்ப்பாளர்கள் சொன்னார்கள். செலவும் காலமும் நீண்டுகொண்டே போனதால் செக் அமைச்சரவையே பிளந்து நின்றது. 1999 மே மாதம் வேலையைத் தொடரலாம் என்ற முடிவு 11க்கு 8 என்ற வாக்கில்தான் தப்பித்தது.

ஆஸ்திரியாவுக்கு இதில் என்ன வந்தது என்று கேட்கலாம். அந்த நாடு அணுமின்சாரம் வேண்டாம் என்று வாக்களித்த நாடு. சுவென்டென்டோர்ஃபில் கட்டி முடித்து, ஓட்டத் தயாராக இருந்த உலையை 1978 நவம்பர் 5 அன்று பொதுவாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். வேண்டாம் என்றவர்கள் 50.47 சதவீதம். வித்தியாசம் முப்பதாயிரம் வாக்குகூட இல்லை. இப்படி மயிரிழையில் வந்த முடிவு எட்டே வருடத்தில் நாட்டின் சுபாவமாகவே மாறியதற்குக் காரணம் செர்னோபில்.

1986 ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் அந்தக் கதிரியக்க மேகம் ஆஸ்திரியா மேல் வந்தபோது மழை பெய்தது. மேற்கு ஐரோப்பாவில் அதிகம் பாதிக்கப்பட்ட நாடுகளில் ஒன்றாக ஆஸ்திரியா ஆனது. வுல்லோவிட்ஸ் இருக்கும் மேல் ஆஸ்திரியா மாநிலத்தின் சில பகுதிகளில் கதிரியக்கப் படிவு கடுமை. குழந்தைகளை மணல் தொட்டியில் விளையாட விடாதீர்கள், மாடுகளுக்குப் பச்சைத் தீவனம் போடாதீர்கள், கீரை வகைகளை விற்காதீர்கள் என்று அறிவிப்புகள் வந்தன. நண்பரின் அம்மாவுக்கு அப்போது மூத்த மகள் கைக்குழந்தை. பால் மாடு வைத்திருக்கிற வீட்டில், கடையில் வாங்கிய பால்பவுடரைக் கரைத்துப் பிள்ளைக்குக் கொடுத்ததை அவர் இன்றைக்கும் அவமானம் போலச் சொல்கிறார். கறந்த பாலைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு பவுடரைக் கலக்குவது விவசாயக் குடும்பத்துக்குச் சாதாரண விஷயம் இல்லை.

2000இல் எல்லைக்கு வந்த டிராக்டர்களுக்குப் பின்னால் இருந்தது அந்தப் பால்தான் என்பது என் கணிப்பு. கூட்டத்தில் இருந்தவர்கள் பலர் 1986இல் கையில் குழந்தை வைத்திருந்த வயதுக்காரர்கள். அவர்களுக்கு அணு விபத்து என்பது கோட்பாடு அல்ல, சமையலறையில் நடந்த சம்பவம்.

தொழில்நுட்பக் கவலையும் வெறும் பீதி இல்லை. அடிக்கடி பேசப்பட்டது "28.8 மீட்டர் தளம்". உலைக் கட்டடத்தில் அந்த உயரத்தில் உயரழுத்த நீராவிக் குழாய்களும் நீர் செலுத்தும் குழாய்களும் நெருக்கமாக ஓடுகின்றன. ஒன்று வெடித்தால் அது வீசிக்கொண்டு போய்ப் பக்கத்துக் குழாயை உடைக்குமா, இடையில் தடுப்பு போதுமா என்பது கேள்வி. உலையின் அழுத்தக் கலன் நியூட்ரான் தாக்குதலில் நாளடைவில் எவ்வளவு நொறுங்கும் தன்மை அடையும் என்பது இன்னொன்று. ஆஸ்திரிய நிபுணர்கள் இந்தக் கேள்விகளை வருடக்கணக்கில் எழுப்பினார்கள், செக் தரப்பு பதில் கொடுத்தபடி இருந்தது, பதிலில் இவர்களுக்குத் திருப்தி வரவில்லை.

சாலை அடைபட்டது

2000 ஜூலையில் முதல் உலையில் எரிபொருள் நிரப்பினார்கள். செப்டம்பரில் மறியல் தொடங்கியது. அக்டோபர் 11 அன்று உலையில் முதல் தொடர்வினை நடந்தது. அதை ஒட்டிய நாட்களில் மறியல் வுல்லோவிட்ஸோடு நிற்காமல் எல்லை நெடுகப் பல சாவடிகளுக்குப் பரவியது. லாரிகள் ஜெர்மனி வழியாகச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. பிராகிலிருந்து கண்டனம் மேல் கண்டனம் வந்தது.

போலீஸ் ஏன் கலைக்கவில்லை என்று நம் ஊர் வாசகருக்குக் கேட்கத் தோன்றும். முன்கூட்டியே அறிவித்துக் கூடினால் ஆஸ்திரியச் சட்டப்படி அது பொதுக்கூட்டம், தடை செய்யக் கனமான காரணம் வேண்டும். இதோடு மேல் ஆஸ்திரிய மாநில அரசே தெமெலினை எதிர்த்தது, எதிர்ப்பு அமைப்புகளுக்குப் பணமும் கொடுத்தது. கலைக்க வேண்டிய கையே தட்டிக்கொடுக்கிற கையாகவும் இருந்தது. இதே ஆஸ்திரியாவில் 1998 ஜூனில் பிரென்னர் நெடுஞ்சாலையைச் சூழலியல் அமைப்பு ஒன்று ஏறக்குறைய முப்பது மணி நேரம் அடைத்தது. லாரி நிறுவனம் ஒன்று நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டது. ஐரோப்பிய நீதிமன்றம் 2003 ஜூன் 12 அன்று, கூடிப் பேசும் உரிமையை மதித்துச் சாலையை அடைக்க அனுமதித்ததால் ஆஸ்திரியா சரக்குப் போக்குவரத்து விதியை மீறிவிடவில்லை என்று தீர்ப்புச் சொன்னது. தெமெலின் மறியலின்போது இந்தத் தீர்ப்பு இல்லை, செக் நாடு ஐரோப்பிய ஒன்றியத்திலும் இல்லை. ஆனாலும் சாலையை அடைப்பதும் ஒரு வகைப் பேச்சு என்ற எண்ணம் அந்த ஊரில் ஏற்கெனவே ஊறிப்போயிருந்தது.

சரி, அந்தப் பேச்சு யார் காதில் விழுந்தது?

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். உலையைக் கட்டியது அரசு மின் நிறுவனம், முடிவெடுத்தது அமைச்சரவை, சாலையில் காத்திருந்தது சவரம் செய்துகொண்ட லாரிக்காரர். தெற்கு போஹீமியாவில் தெமெலினை எதிர்த்த செக் மக்களும் இருந்தார்கள். செஸ்கே புடேயோவிட்சேயில் "தெற்கு போஹீமியத் தாய்மார்கள்" என்ற அமைப்பு பல வருடமாக நீதிமன்றத்திலும் தெருவிலும் போராடிக்கொண்டிருந்தது. ஆஸ்திரியா எல்லையை அடைத்ததும், உலையை எதிர்ப்பது என்றால் ஆஸ்திரியாக்காரனுக்குத் துணைபோவது என்று ஆகிவிட்டது. வெளியிலிருந்து வரும் அழுத்தம் உள்ளூர் எதிர்ப்பாளனின் வாயை அடைத்துவிடும். நம் ஊரிலும் "அந்நியக் கைக்கூலி" என்ற சொல் எவ்வளவு சுலபமாக வீசப்பட்டது என்பதை நாம் பார்த்திருக்கிறோம். இடிந்தகரையில் பந்தலுக்கடியில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளும் இதைக் கேட்டுத்தான் வளர்ந்தார்கள். கூடங்குளத்து உலைகளும் வி.வி.இ.ஆர்-1000 குடும்பம்தான், தெமெலினுக்குப் பின்னால் வந்த வடிவம். ஒரு வித்தியாசம்: இடிந்தகரைப் பிள்ளைகளுக்கு உலை அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் இல்லை, கடற்கரையில் நின்றாலே தெரிந்தது.

இந்த மறியலில் என்னை உறுத்துவது ஒன்று. 1989 டிசம்பரில் இதே ஆஸ்திரிய-செக் எல்லையின் முள்வேலியை, வேறோர் இடத்தில், இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்களும், அலோய்ஸ் மோக்கும் யிர்ஷி தீன்ஸ்ட்பியரும், ஆளுக்கொரு கத்தரியோடு வந்து வெட்டினார்கள். நாற்பது வருடம் அடைபட்டுக் கிடந்த எல்லை. வுல்லோவிட்ஸ் பக்கமோ, 1830களில் லின்ஸுக்கும் புடேயோவிட்சேவுக்கும் குதிரை இழுத்த ரயில் ஓடிய, உப்பு போன வழி. நண்பரின் பாட்டி எல்லை திறந்த அன்று அழுதவராம். பதினோரு வருடம் கழித்து அதே பாட்டி அதே எல்லையில் ஃபிளாஸ்கோடு உட்கார்ந்து வழியை அடைத்தார். எல்லை திறக்க வேண்டும் என்று ஏங்கிய தலைமுறையே அதை மூடியது. பாட்டியிடம் இதை யாராவது கேட்டார்களா என்று கேட்டேன். "கேட்டிருந்தால் ரொட்டி கிடைத்திருக்காது" என்றார் நண்பர்.

இலக்கைத் தேர்ந்தெடுத்த விதத்திலும் கேள்வி இருக்கிறது. செக் நாட்டிலேயே துகொவானி நிலையம் ஆஸ்திரிய எல்லைக்குத் தெமெலினைவிடக் கிட்டத்தில், 1985 முதல் ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் பழைய வடிவமைப்பில். மேற்கே பவேரியாவில் இஸார் நதிக்கரையில் ஜெர்மன் உலைகள் இருந்தன, கடைசி உலை மூடப்பட்டது 2023 ஏப்ரலில்தான். ஜெர்மன் எல்லையில் இந்த அளவுக்கு டிராக்டர்கள் நிற்கவில்லை. ஓடும் உலையைவிட ஓடப்போகும் உலையை நிறுத்துவது சாத்தியம் என்ற கணக்கு ஒரு பக்கம். ஏழைப் பக்கத்து வீட்டுக்காரனிடம் குரல் உயர்த்துவது பணக்காரப் பக்கத்து வீட்டுக்காரனிடம் உயர்த்துவதைவிடச் சுலபம் என்பது இன்னொரு பக்கம். இரண்டாவதை நண்பர் ஒப்புக்கொள்ள மாட்டார். நான் விடுவதாக இல்லை.

மெல்க்கில் எழுதிய காகிதம்

2000 டிசம்பர் 12 அன்று மெல்க் மடாலயத்தில் ஆஸ்திரியப் பிரதமர் வொல்ஃப்காங் ஷுஸ்ஸலும் செக் பிரதமர் மிலோஷ் ஸேமனும் உட்கார்ந்தார்கள், ஐரோப்பிய ஆணையத்தின் குன்டர் ஃபெர்ஹொய்கன் நடுவராக. அவசரத் தொடர்புக்கு நேரடித் தொலைபேசி, தகவல் பரிமாற்றம், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, பாதுகாப்புக் குறைகளை இரு தரப்பு நிபுணர்களும் உட்கார்ந்து பேசுவது என்று ஒப்புக்கொண்டார்கள். ஒன்பதே நாளில், டிசம்பர் 21 அன்று, தெமெலின் முதல்முறையாக மின்கட்டமைப்பில் இணைந்தது. உலையை நிறுத்துவது பற்றி மெல்க் காகிதத்தில் ஒரு வரியும் இல்லை. எல்லையில் குளிரில் நின்றவர்களுக்கு இது துரோகமாகவே பட்டது.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் மண்ணில் கட்டும் உலைக்குப் பக்கத்து நாட்டிடம் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் ஒரு நாட்டுக்கு வந்தது சின்ன விஷயம் இல்லை. 2001 நவம்பரில் பிரஸ்ஸல்ஸில் இன்னொரு உடன்பாடு வந்தது, பாதுகாப்பு மேம்பாட்டுப் பட்டியல் நீண்டது. டிராக்டர்கள் இல்லாமல் இது நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. டிராக்டர்களால் உலை நின்றிருக்கும் என்றும் நம்பவில்லை.

அப்புறம் அரசியல் உள்ளே புகுந்தது. தெமெலினை மூடாவிட்டால் செக் நாட்டை ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர விடக் கூடாது என்று, ஆட்சியில் பங்கு வகித்த வலதுசாரி சுதந்திரக் கட்சி 2002 ஜனவரியில் மனு இயக்கம் நடத்தியது. 9,14,973 பேர் கையெழுத்துப் போட்டார்கள், வாக்காளர்களில் 15.5 சதவீதம். நண்பரின் அப்பா போடவில்லை. உலை வேண்டாம் என்பதும் செக்காரர்கள் வேண்டாம் என்பதும் வேறு வேறு என்றாராம். ஊரில் அதற்காகச் சிலர் அவரோடு பேச்சை நிறுத்தினார்கள். 2004இல் செக் நாடு ஒன்றியத்தில் சேர்ந்தது. மெல்க் வாக்குறுதிகள் நிறைவேறவில்லை என்று 2007இல் வுல்லோவிட்ஸில் மறுபடி சில மணி நேர மறியல்கள் நடந்தன. அதே வருடம் டிசம்பர் 21 அன்று எல்லைச் சோதனையே எடுக்கப்பட்டது. தெமெலின் மின்சாரம் கொடுக்கத் தொடங்கி நாள் பிசகாமல் ஏழு வருடம்.

கோபுரம்

போன கோடையில் நண்பரும் நானும் காரில் தெமெலினுக்குப் போனோம். எல்லையில் வழக்கம்போல வேகத்தைக் குறைத்து, ஓடோமீட்டரைப் பூஜ்யத்தில் வைத்தார். அது என் யோசனை. அங்கிருந்து நாலா பக்கமும் பார்த்தால் காடு மூடிய மேடுகள்தான். கோபுரங்கள் 155 மீட்டர் உயரம், நான்கு. இருந்தும் இவ்வளவு தூரத்துக்கு, இந்த மேடுகளைத் தாண்டி, தெரிய வழியே இல்லை.

செஸ்கே புடேயோவிட்சேயைக் கடந்த பிறகுதான் அடிவானத்தில் வெள்ளையாக நீராவி எழும்புவது தெரிந்தது. ஓடோமீட்டர் நாற்பதைத் தாண்டியிருந்தது. கிட்டே போனபோது க்ரட்டேனோவ் தேவாலயம் வந்தது. நிலையம் கட்டுவதற்காகச் சுற்றியிருந்த கிராமங்களை இடித்தபோது, அந்த ஊரில் மிஞ்சிய தேவாலயம் இது, பக்கத்தில் கல்லறைத் தோட்டத்தோடு. வீடுகள் இருந்த இடத்தில் புல். ஆஸ்திரியாவில் வளர்ந்த எவரும் இந்த ஊர்களின் பெயரைத் தன்னிடம் சொன்னதில்லை என்றார் நண்பர். தெமெலினால் முதலில் வீடிழந்தவர்கள் செக் விவசாயிகள், டிராக்டர் வைத்திருந்தவர்கள்.

2000இல் மறியலில் பிடித்திருந்த பதாகைகளில் கோபுரங்கள் பெரிதாக வரையப்பட்டிருக்கும், ஆட்களின் தலைக்கு மேல், வானத்துக்கு எதிராக. பையன் பார்த்தது அதைத்தான் என்று சொன்னேன். ஓடோமீட்டரையும் காட்டினேன்.

அவர் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்றைக்கு வானம் ரொம்பத் தெளிவாக இருந்தது" என்றார்.